50 மீட்டர் ரைஃபிளில் சிதறல்: தேய்ந்தது குழலா, கெட்டது தோட்டாவா?

கடற்கரைக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 50 மீட்டர் போட்டிக்கான ஜெர்மன் தயாரிப்பு .22 (அங்குலக் கணக்கில் குழல் துளையின் அளவு) ரைஃபிள். நான்கு ஆண்டுகளுக்கு முன் மூத்த வீரர் ஒருவரிடமிருந்து உரிம மாற்றத்துடன் வாங்கினேன். அவர் எத்தனை தோட்டா சுட்டிருந்தார் என்பதற்கு எழுத்துக் கணக்கு ஏதும் இல்லை. "நாற்பதாயிரம் இருக்கும்" என்று வாய்மொழியாகச் சொன்னார். அதன்பின் நான் சுட்டது சுமார் 36,000.

படுத்த நிலையில் எனக்குத் தோட்டா ஒன்றுக்குச் சராசரி 10.3 புள்ளி வந்துகொண்டிருந்தது. ஜூன் மாதத்திலிருந்து அது 10.0-க்கு இறங்கிவிட்டது. நன்றாக விட்டேன் என்று மனம் சொல்லும் குண்டு திடீரென மேலேயோ கீழேயோ போய் 9.2 என்று திரையில் நிற்கிறது. இடவலமாக அவ்வளவாக விலகுவதில்லை. பயிற்சியாளர் ஒரே சொல்லில் "பேரல் (குழல்) முடிந்துவிட்டது, மாற்றிவிடு" என்கிறார். ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கியின் பாகமும் ஆயுதம் என்ற வரையறைக்குள்ளேயே வருவதால், குழல் ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது சைக்கிளுக்கு டயர் வாங்குவதைப் போன்றதன்று. செலவும் பெரிது, காகித வேலை அதைவிடப் பெரிது. எனவே இறங்குவதற்கு முன் கேட்கிறேன்: 76,000 தோட்டாவில் ஒரு .22 குழல் தேய்ந்துவிடுமா? தாங்கியில் வைத்து ஐந்தைந்தாக மூன்று முறை சுட்டுப் பார்த்ததில் குரூப், அதாவது துளைகள் பரவிய அகலம், 14, 23, 19 மில்லிமீட்டர் என்று வந்தது.

படுத்தநிலை:

தம்பி, எண்ணிக்கையை மட்டும் வைத்துக் குழலுக்குச் சாவுச்சீட்டு எழுத வேண்டாம். .22 என்பது மெதுவான, மென்மையான தோட்டா. 2.6 கிராம் ஈயக் குண்டு, மேலே மெழுகுப் பூச்சு, வினாடிக்கு 325 மீட்டர் அளவில் வேகம். செப்பு உறை கிடையாது. ஈயம் எஃகை அறுக்காது. ஒரு லட்சத்தைத் தாண்டியும் போட்டித் தரத்தில் சுடும் குழல்களை நான் கண்டிருக்கிறேன். இருபதாயிரத்தில் சோர்ந்துபோனதையும் கண்டிருக்கிறேன். இரண்டாவது வகையில் பெரும்பாலும் தேய்ந்திருந்தது புரிகள் (குண்டைச் சுழற்றக் குழலுக்குள் வெட்டிய வரிப்பள்ளங்கள்) அல்ல. துடைப்புக் கம்பி உரசி உரசி வாய் விளிம்பு, அதாவது கிரவுன், ஒரு பக்கம் மழுங்கியிருந்தது. குண்டு குழலை விட்டு வெளியேறும் கடைசிக் கணத்தில் அதன் பின்புறத்திலிருந்து வாயு சுற்றிலும் சமமாக விடுபட வேண்டும். விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் மழுங்கினால் குண்டு ஆடிக்கொண்டே கிளம்பும்.

இரண்டு விவரம் சொல்லுங்கள். எவ்வளவு நாளுக்கு ஒருமுறை துடைக்கிறீர்கள், எந்த வழியாகக் கம்பியை நுழைக்கிறீர்கள்? ஜூனில் புதிய லாட் (ஒரே தயாரிப்புத் தொகுதி) தோட்டாவுக்கு மாறினீர்களா?

பழைய ஹவில்தார்:

நான் 50 மீட்டர் சுட்டவன் அல்லன், 7.62 எஸ்.எல்.ஆர். என்ற பட்டாள ரைஃபிள் காலத்து ஆள், பிறகு சில ஆண்டுகள் 300 மீட்டரில் .308 என்ற பெரிய தோட்டா சுட்டேன். குழலைத் தின்பது உராய்வு என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைகூட இல்லை. தின்பது சூடு. தோட்டா அறைக்கு அடுத்து, புரிகள் தொடங்கும் இடத்தை நாங்கள் தொண்டை என்போம். அங்கேதான் வெடிமருந்தின் வாயு மிகச் சூடாகவும் மிக அழுத்தமாகவும் பாய்கிறது. எஃகின் மேற்பரப்பு ஒரு நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்கு மட்டும் கொதித்து, உடனே உள்ளிருக்கும் குளிர்ந்த எஃகால் இழுக்கப்பட்டு அடங்குகிறது. இப்படி ஆயிரக்கணக்கான முறை விரிந்து சுருங்கியபின் மேல்தோல் ஏரிப் படுகைச் சேறு காய்ந்து வெடிப்பதைப் போலப் பாளம் பாளமாக வெடிக்கிறது. அந்த வெடிப்புகளின் ஓரங்களை அடுத்தடுத்த வாயு அரித்துக்கொண்டு போகிறது. குழலுக்குள் பார்க்க உதவும் போர்ஸ்கோப்பில் ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார்.

ஆகவே எத்தனை தோட்டா என்பதைப் போலவே, எவ்வளவு விரைவில் அத்தனை தோட்டா என்பதும் முக்கியம். இருபது தோட்டாவை இருபது நிமிடத்தில் சுட்ட குழலும் இரண்டு நிமிடத்தில் சுட்ட குழலும் கணக்கேட்டில் ஒன்றாகத் தெரியும். தொண்டையில் ஒன்றாக இரா. ரேஞ்சில் குழலைத் தொட்டுப் பார்த்துக் கை வைக்க முடியாத சூடு இருந்தால் நிறுத்திவிட வேண்டும் என்பது எங்கள் உஸ்தாத் கற்றுத்தந்த முறை. கருவி எதுவும் தேவைப்படாத முறை.

.308-இல் போட்டித் தரம் ஐயாயிரம் தோட்டா வரை தாங்கினால் நல்ல குழல். 6.5 கிரீட்மூர் என்ற தோட்டா வகையில் இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரம். 6.5-284 வகைத் தோட்டா சுடுபவர்கள் ஆயிரத்தைத் தாண்டியதுமே அடுத்த குழலுக்குச் சொல்லி வைக்கிறார்கள்.

எண்கணக்கு:

ஹவில்தார் ஐயா சொன்னதற்கு ஒரு கணக்கைச் சேர்க்கிறேன். 76,000 என்ற எண் ஏன் பயமுறுத்த வேண்டியதில்லை என்பது அதிலேயே தெரியும். .308 தோட்டாவில் வெடிமருந்து ஏறத்தாழ 2.8 கிராம்; .22 போட்டித் தோட்டாவில் 0.1 கிராமுக்கும் குறைவு. சுமார் நாற்பது மடங்கு வேறுபாடு. ஆனால் இரண்டு குழல்களின் துளைப் பரப்பை ஒப்பிட்டால் .308 இரண்டு மடங்குகூடப் பெரிதன்று. நாற்பது மடங்கு நெருப்பு, இரண்டு மடங்கிற்கும் குறைவான வாசல். அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தமும் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டுக்கு எதிராக 24,000 பவுண்டுதான். 6.5-284 ஆயிரத்திலேயே களைத்துப்போவதற்கும் இதுவே காரணம்: .308-ஐவிடக் கூடுதல் மருந்து, அதைவிடச் சிறிய துளை.

இனி கடற்கரைக்காரனின் மூன்று குரூப்பைப் பற்றி. ஐந்து தோட்டாக் குரூப்பை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. எந்த மாற்றமும் இல்லாத ஒரே ரைஃபிள், ஒரே லாட், ஒரே காலைப் பொழுதிலும்கூட 14-உம் 23-உம் அடுத்தடுத்து வரலாம். குறைந்தது பத்துப் பத்தாக நான்கு குரூப், ஒரே தாங்கியில், காற்று அடங்கிய வேளையில் சுட்டு, மேல்கீழ் விலகலையும் இடவல விலகலையும் தனித்தனியாக எழுதுங்கள். ஒரு வேலைக்கு 40 தோட்டா செலவழிப்பது வீணாகத் தோன்றும். 15 தோட்டாவில் தவறான முடிவுக்கு வந்து ஒரு குழல் வாங்குவதைவிட மலிவு.

மேல்கீழ் மட்டும் விலகுகிறது என்று எழுதியிருந்தீர்கள். என் கவனம் அங்கேதான் போகிறது. 325 மீட்டர் வேகத்தில் கிளம்பும் குண்டு 50 மீட்டரைக் கடக்கக் கிட்டத்தட்ட 0.16 வினாடி எடுத்துக்கொள்கிறது. அதற்குள் புவியீர்ப்பு அதை 12.5 சென்டிமீட்டர் அளவுக்குக் கீழே இழுக்கிறது. இரண்டு குண்டுகளின் வேகத்தில் 10 மீட்டர் வேறுபாடு இருந்தால் விழும் இடம் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் மாறும். பத்தாம் வளையத்தின் முழு விட்டமே 10.4 மில்லிமீட்டர். தேய்ந்த கிரவுன் எல்லாத் திசையிலும் சிதறடிக்கும். மேல்கீழாக மட்டும் சிதறடிப்பது பெரும்பாலும் வேகம். வேகத்தை அளக்கும் கருவி உங்கள் கிளப்பில் இருந்தால் முதலில் அதைக் கேளுங்கள்.

நீலகிரிக்காரி:

சூடே குழலைத் தின்னும் என்ற பேச்சு வந்ததால் ஊர்ப் பெருமை ஒன்றைச் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. எங்கள் வீட்டிலிருந்து மலை ரயிலில் போனால் அருவங்காடு நிறுத்தம் வரும். அங்குள்ள தொழிற்சாலையின் பெயரிலேயே கார்டைட் என்ற புகை குறைந்த வெடிமருந்து இருக்கிறது. பிரிட்டிஷ் இராணுவத்தின் லீ-மெட்ஃபோர்டு ரைஃபிள் 1888-இல் வந்தபோது அது கரும்மருந்துக்காக வடிவமைக்கப்பட்டது. கரும்மருந்து கசடு அதிகம் விடும் என்பதால் புரிகளை ஆழமில்லாமல், மூலைகள் உருண்டையாக வெட்டினார்கள். பிறகு அதே குழலில் கார்டைட்டைச் சுட்டபோது அந்த மெல்லிய புரிகள் விரைவில் கரைந்துபோயின. 1895-இல் ஆழமான, சதுர மூலையுள்ள என்ஃபீல்டு புரிகளுக்கு மாறினார்கள். லீ-என்ஃபீல்டு என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

குழலை மாற்றியதோடு அவர்கள் நிற்கவில்லை. முதல் கார்டைட்டில் நைட்ரோகிளிசரின் 58 விழுக்காடு இருந்தது. மிகச் சூடாக எரியும். 1901-இல் அதை 30 விழுக்காடாகக் குறைத்து எம்.டி. என்ற வகையைக் கொண்டுவந்தார்கள். குழல் தேய்கிறது என்பதற்காக வெடிமருந்தின் சமையல் குறிப்பையே மாற்றினார்கள் என்பதுதான் எனக்கு இதில் பிடித்த பகுதி. தேய்மானத்தைத் தடுக்க வழவழப்பாக இருக்கட்டும் என்று வாசலின் கலந்தார்கள் என்பதும் உண்மை. அந்த வேலைக்கு அது உதவவில்லை, ஆனால் மருந்து கெட்டுப்போகாமல் காக்க உதவியது.

.22 ஆளுக்கு இது நேரடியாக உதவாது என்பது தெரியும். மன்னிக்கவும்.

கடற்கரைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. கேட்ட விவரங்கள் இவை.

துடைப்பதில் நான் சோம்பேறி. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நெய்த்துணித் துண்டு ஒன்றைப் பின்புறமிருந்து, வழிகாட்டிக் குழாய் வைத்துத்தான் தள்ளுவேன். பித்தளைத் தூரிகை இந்த நான்கு ஆண்டில் குழலுக்குள் போனதே இல்லை. கிரவுனை உருப்பெருக்கியால் பார்த்தேன். எங்கும் மழுங்கல் தெரியவில்லை.

லாட் மாறவில்லை. ஜனவரியில் ஒரே லாட்டில் 5,000 வாங்கினேன். அதே லாட்டில்தான் மே வரை 10.3 வந்தது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். மே மாதக் கடைசியில் போட்டி ஒன்றுக்காகக் காரில் திருச்சி போனேன். சுமார் 1,500 தோட்டாவைப் பெட்டிகளோடு டிக்கியில் வைத்திருந்தேன். பகலில் இரண்டு நாள் வெயிலில் வண்டி நின்றது. திரும்பி வந்தபின் அந்தப் பெட்டிகளைத்தான் எடுத்துச் சுட்டுக்கொண்டிருக்கிறேன். மற்ற பெட்டிகள் வீட்டில் அலமாரியில் இருக்கின்றன. இதை எழுதும்போதுதான் தேதிகள் பொருந்துவது எனக்கே உறைக்கிறது.

படுத்தநிலை:

பாருங்கள், குழலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுத் தோட்டாவைச் சாட்சியாக வைத்திருந்தோம்!

.22 குண்டின் மேலுள்ள மெழுகுப் பூச்சு அழகுக்காக இல்லை. ஈயம் புரியில் ஒட்டாமல் வழுக்கிச் செல்ல அதுவே துணை. மே மாத வெயிலில் பூட்டிய டிக்கிக்குள் அது இளகி ஒரு பக்கமாக வழிந்து, திரும்ப உறைந்திருக்கும். ஒரு குண்டில் கனமாகவும் அடுத்ததில் மெல்லியதாகவும் பூச்சு இருந்தால் குழலுக்குள் உராய்வு மாறும். அழுத்தமும் வேகமும் கூடவே மாறும். பெட்டியைத் திறந்து குண்டுகளை விளக்கொளியில் உருட்டிப் பாருங்கள்; வழிந்த தடம் இருந்தால் கண்ணுக்கே தெரியும்.

ஆனால் பித்தளைத் தூரிகை நான்கு ஆண்டாகப் போகவில்லை என்பதையும் விட்டுவிட முடியாது. அறை முடிந்து புரி தொடங்கும் இடத்தில் கரி இறுகி வளையமாகப் படியும். வெறும் துணி அதன்மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். நாளடைவில் அது கண்ணாடி போலக் கெட்டியாகி, உள்ளே நுழையும் ஒவ்வொரு குண்டையும் சுரண்டும். பூச்சு முதலில் உரிவது அங்கேதான். ஆகவே உங்களிடம் இரண்டு சந்தேகப் பேர்வழிகள் இருக்கிறார்கள், ஒருவருக்கொருவர் துணைபோகிறவர்கள். இருவரையும் ஒரே நாளில் விசாரித்தால் யார் என்ன செய்தார் என்பது தெரியாமல் போகும்.

தினம் ஒரு துடைப்பு:

இங்கே நான் மாறுபடுகிறேன். "துடைத்துத் துடைத்தே குழலைக் கெடுத்தார்கள்" என்ற பேச்சைப் பிடித்துக்கொண்டு பலர் தூரிகையையே தொடுவதில்லை. அதன் விளைவுதான் இது. பயிற்சி முடிந்த ஒவ்வொரு நாளும் கரைப்பான் நனைத்த துணி இரண்டு, காய்ந்த துணி மூன்று என்று நான் தள்ளுகிறேன். .22 போன்ற விளிம்புத் தோட்டாவின் (முள் அடி விளிம்பில் அடித்து வெடிக்கும் வகை) பிரைமர் கலவையில், அதாவது தீ மூட்டும் கலவையில், உராய்வுக்காகக் கண்ணாடித் தூள் சேர்ப்பது வழக்கம். அந்தத் துகள் குழலின் அடிப்பக்கத்தில் தங்கும். அடுத்த குண்டு அதை ஏறி மிதித்துக்கொண்டு போகும். பழைய .22 குழல்களைப் போர்ஸ்கோப்பில் பார்த்தால் தொண்டைக்குச் சற்று முன்னே, கடிகாரத்தில் ஆறு மணி நிலையில் தேய்வு கூடுதலாக இருப்பதைக் காணலாம். ஈயம் எஃகை அறுக்காது என்பது சரி. கண்ணாடி அறுக்கும்.

மேலும் கடற்கரை ஊரில் உப்புக்காற்று. துடைக்காத குழலில் கசடு ஈரத்தைப் பிடித்து வைக்கும். தேய்வுக்கு முன் துரு வரும்.

படுத்தநிலை:

துருவைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். கண்ணாடித் தூளைப் பற்றியதையும் ஏற்கிறேன். ஆனால் தினமும் ஐந்து முறை கம்பி என்றால் ஆண்டுக்கு ஆயிரம் முறைக்கு மேல் போய்வரும். வழிகாட்டிக் குழாய் ஒருநாள் சரியாக அமராமல் போனால் தொண்டையைக் கம்பி கீறும். அதோடு துடைத்த குழல் உடனே பழைய குரூப்பைத் தருவதில்லை. புரிகளில் மெழுகு மறுபடி சீராகப் படிய இருபது தோட்டா வரை ஆகிறது. நீங்கள் தினமும் துடைத்தால் தினமும் அந்த இருபதை இழக்கிறீர்கள். நான் 500 தோட்டாவுக்கு ஒருமுறை துணியும், 2,000-க்கு ஒருமுறை தூரிகையும் போடுகிறேன். இதில் நாம் இருவரும் ஒத்துப்போக மாட்டோம் என்று நினைக்கிறேன், பரவாயில்லை.

மாணவியின் தாய்:

என் மகள் பத்தாம் வகுப்பு; சென்ற ஆண்டுதான் ஏர் ரைஃபிளிலிருந்து .22-க்கு வந்தாள். எங்களுக்குக் குழல் தேய்வதைவிடத் தோட்டா தீர்வதுதான் கவலை. உரிமத்தில் குறித்த எண்ணிக்கைக்கு மேல் வாங்க முடியாது, நல்ல தோட்டா எல்லாம் இறக்குமதி, விளிம்புத் தோட்டாவை வெற்றுக்கூட்டிலிருந்து மறுபடி நிரப்பவும் வழியில்லை. ஒரு நாளைக்கு 100 தோட்டா, வாரம் நான்கு நாள், ஆண்டுக்கு 48 வாரம் என்றால் 19,200 ஆகிறது. இவ்வளவு தேவையா என்று கேட்டால் சுடுகிறவர்கள் சிரிக்கிறார்கள். உண்மையில் எவ்வளவு போதும்?

எண்கணக்கு:

அம்மா, சிரிக்க வேண்டிய கேள்வி அன்று. ஸ்வப்னில் குசாலே 2024-இல் பாரிஸில் 50 மீட்டர் மூன்று நிலைப் பிரிவில் வெண்கலம் வென்றபோது தகுதிச் சுற்றில் கணக்குக்கு வந்தவை 60 தோட்டா; அதில் 590 புள்ளி, ஏழாம் இடம். இறுதிச் சுற்றின் முழு நீளமே 45 தோட்டா. போட்டி கேட்பது இவ்வளவுதான்; மீதி எல்லாம் பயிற்சி. பயிற்சியில் எது தோட்டாவைக் கேட்கிறது, எது கேட்கவில்லை என்று பிரித்தால் பாதி மிச்சமாகும். நிலையில் அமர்வது, மூச்சு, விசையழுத்தம் ஆகியவற்றை வெற்றுச் சுடுதலிலேயே பழகலாம்; .22-இல் வெறும் அறையில் விசையை இழுத்தால் முள் அறை விளிம்பில் மோதக்கூடும் என்பதால் அதற்குரிய போலித் தோட்டாவோ, உலர்பயிற்சி விசையோ இருக்க வேண்டும். காற்றைப் படிப்பது, பின்னுதைப்பைத் தாங்கி மீண்டும் அதே இடத்தில் வந்து நிற்பது, இவற்றுக்குத்தான் உண்மையான தோட்டா வேண்டும். நின்ற நிலைப் பயிற்சிக்கு விலை உயர்ந்த லாட் தேவையே இல்லை. அங்கே சுடுபவரின் ஆட்டம் தோட்டாவின் சிதறலை விழுங்கிவிடும்.

ஏர் ரைஃபிளில் இந்தத் தலைவலியே இல்லை என்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே குழல் தேய்வதற்குள் அழுத்தக் காற்று உருளையின் பத்தாண்டுப் பயன்பாட்டுக் கெடு முடிந்துவிடும்.

பழைய ஹவில்தார்:

எழுதி வைக்கச் சொல்லுங்கள், அம்மா. தேதி, லாட் எண், எத்தனை தோட்டா, எப்போது துடைத்தது. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். பட்டாளத்தில் ஒவ்வொரு ஆயுதத்துக்கும் ஏடு உண்டு. சொந்தத் துப்பாக்கி வைத்திருப்பவர்களிடம்தான் "நாற்பதாயிரம் இருக்கும்" என்ற பேச்சைக் கேட்கிறேன்.

கடற்கரைக்காரன்:

மூன்று வாரம் ஆயிற்று. படுத்தநிலை அண்ணன் சொன்னபடி இரண்டையும் தனித்தனியே சோதித்தேன். கிளப்பில் வேகம் அளக்கும் கருவி கிடைத்தது. எல்லாமே தாங்கியில், காலை ஏழு மணிக்கு முன், ஒவ்வொன்றும் பத்துப் பத்தாக நான்கு குரூப்.

முதலில் குழலைத் தொடாமல் சுட்டேன். காரில் போய்வந்த பெட்டிகள்: சராசரிக் குரூப் 22 மில்லிமீட்டர், அதிகபட்ச வேகத்துக்கும் குறைந்தபட்ச வேகத்துக்கும் இடைவெளி 18 மீட்டர். வீட்டில் இருந்த பெட்டிகள், அதே லாட்: 17 மில்லிமீட்டர், இடைவெளி 11 மீட்டர். பெட்டியைத் திறந்து பார்த்தபோது காரில் போனவற்றில் மெழுகு ஒரு பக்கம் திரண்டு நின்றது. சில குண்டுகளில் நுனி வெறுமையாகவே இருந்தது.

பிறகு கரைப்பானை ஊறவைத்துத் தூரிகை போட்டேன். முதல் நாள் ஒன்றும் வரவில்லை. இரவு முழுதும் ஊறவிட்டு மறுநாள் தேய்த்தபோது துணியில் கரி செதில் செதிலாக வந்தது. கிளப் நண்பரின் போர்ஸ்கோப்பில் பார்த்தோம்: வளையம் போயிருந்தது, அதன் கீழ் எஃகு வழவழப்பாக இருந்தது. ஆறு மணி நிலையில் மங்கலான தேய்வு இருப்பது உண்மை, ஆனால் புரிகளின் விளிம்பு கூர்மையாகவே தெரிந்தது. முப்பது தோட்டா விட்டுப் புரிகளை மெழுகுக்குப் பழக்கியபின் மீண்டும் அதே சோதனை. வீட்டுப் பெட்டிகள்: 14 மில்லிமீட்டர், இடைவெளி 9 மீட்டர். காரில் போனவை: 20 மில்லிமீட்டர், இடைவெளி 16.

பயிற்சியாளரிடம் தாளைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "சரி, பேரல் இருக்கட்டும்" என்றார்.

எண்கணக்கு:

நன்றாகச் செய்திருக்கிறீர்கள். ஒரு எச்சரிக்கை மட்டும்: துடைத்தபின் காரில் போனவை 22-லிருந்து 20-க்கு வந்ததை முன்னேற்றம் என்று எடுக்க வேண்டாம், 40 தோட்டாவில் அந்த அளவு வேறுபாடு தற்செயலாகவும் வரும். 22-க்கும் 14-க்கும் இடையிலான வேறுபாட்டை நம்பலாம்.

தினம் ஒரு துடைப்பு:

இரவு முழுதும் ஊறவைத்துத்தான் வந்தது என்பதைப் படுத்தநிலை ஐயா கவனித்தாரா?

படுத்தநிலை:

கவனித்தேன். 2,000 என்றதை 1,500 ஆக்கிக்கொள்கிறேன்; அதற்குமேல் இறங்க மாட்டேன்.

தம்பி, காரில் போன பெட்டிகளில் எத்தனை மிச்சம்?

கடற்கரைக்காரன்:

ஏறத்தாழ 700. பெட்டிகளின் மேல் சிவப்பு மையால் கோடு போட்டு வைத்துவிட்டேன், நின்ற நிலைப் பயிற்சிக்கு மட்டும். அடுத்த மாதம் திருச்சிக்குத்தான் மறுபடி போகிறேன். தோட்டாப் பெட்டி இந்த முறை டிக்கியில் இல்லை, குளிர்சாதனம் ஓடும் உட்புறத்தில், கண்பார்வையில் வருகிறது.